இரண்டாம் நாள் பயிற்சி

ஜூலை 3

என் மகள் வாண்டு இன்று பள்ளியில் ஒரு மணி நேரம் இருந்தாள். நான் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு அலறல் கேட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வேறு ஏதோ பிள்ளை. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! யார் பெற்ற பிள்ளையோ அழுகிறது, நான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். எப்படிப்பட்டவளாக ஆகிவிட்டேன்.

இது மூன்றாவது பள்ளி. முதல் இடத்தில் ஒரே வாரம். இரண்டாவது இடத்தில் ‘ஆட்டிசம்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்ததுமே இடம் நிரம்பிவிட்டது. இங்கே தலைமை ஆசிரியை பெரிய மிஸ் மட்டும், “தை பிறந்தா வழி பிறக்கும்” என்கிற மாதிரி தள்ளிப்போடாமல் நேராகச் சொன்னார்: “பருவ விடுமுறை வரைக்கும் பாக்கலாம்மா. வகுப்போட ஒட்டிக்கிட்டாள்னா இருக்கட்டும். இல்லேன்னா நீங்களும் கஷ்டப்பட வேண்டாம், நாங்களும் கஷ்டப்பட வேண்டாம்.”

நாங்கள் படுவதற்கு இனி என்ன பாக்கி என்று கேட்க வாய் வரை வந்தது. சிரித்து வைத்தேன்.

ஒட்டிக்கொள்வாளா? நான்கு வயது. காது நன்றாகக் கேட்கிறது, பேச்சுதான் வரவில்லை. கூட்டம், சத்தம் என்றால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறாள். வகுப்பு என்றாலே கூட்டமும் சத்தமும்தானே?

ஜூலை 11

வகுப்பு மிஸ்ஸைப் பிள்ளைகள் ‘சின்ன மிஸ்’ என்கிறார்கள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். பாடிப் பாடித் தொண்டை எப்போதும் கட்டியிருக்கிறது. இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி பிள்ளைய நான் பாத்ததே இல்ல. என்ன செய்யணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. நீங்க வீட்டுல என்ன செய்வீங்க?”

இதுவரை பார்த்த அத்தனை பேரும், “இந்த மாதிரி எத்தனையோ பிள்ளைங்கள பாத்திருக்கோம்” என்றார்கள். பிறகு அனுப்பிவிட்டார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். வாண்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, ஈரக் கையை என் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

ஜூலை 22

சின்ன மிஸ்ஸைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்து வைத்துச் சொல்லித்தருவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி. அவளே கேட்டுக் கேட்டு வாங்கினாளாம். ஆனால் முதல் நாள் மட்டும்தான் போனாள். இரண்டாம் நாள் பக்கத்து வகுப்பு மிஸ் லீவு. “ரெண்டு வகுப்பையும் யார் பாக்கறது, நானா?” என்று பெரிய மிஸ் நிறுத்திவிட்டார்.

“பரவால்ல அக்கா. முதல் நாளே முக்கியமானது எல்லாம் சொல்லிட்டாங்க. ரெண்டாம் நாள் சும்மா குழுவா உக்காந்து செஞ்சு பாக்கறதுதானாம்.”

நானும் பரவாயில்லை என்றேன். நன்றாகத் தலையாட்டினேன்.

படம் போட்ட அட்டைகள் செய்திருக்கிறாள். தண்ணீர், கழிவறை, ஊஞ்சல், அப்புறம் விரித்த உள்ளங்கை. அந்தக் கை என்றால் ‘போதும்’. வாண்டு எந்த அட்டையை நீட்டினாலும் அதை உடனே கொடுக்க வேண்டும். தாமதம் கூடாது, கேள்வி கூடாது. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தால் கத்த வேண்டிய தேவை இருக்காது. இதுதான் பயிற்சியின் சாரமாம். எனக்கும் ஒரு செட் கொடுத்தாள். ஓரங்களை எல்லாம் வளைத்து வெட்டியிருக்கிறாள், பிள்ளை கையைக் கிழித்துவிடக் கூடாதென்று.

ஆகஸ்ட் 2

கொடுத்தாள்! வாண்டு அட்டை கொடுத்தாள்!

கையில் பெயின்ட் தடவி அச்சு வைக்கும் நேரமாம். விரலில் பெயின்ட் பட்டதும் முகம் கோணியிருக்கிறது. எல்லோரும் அலறலுக்குத் தயாராக இருந்திருக்கிறார்கள். அவள் திரும்பி, சின்ன மிஸ்ஸின் கையில் ‘போதும்’ அட்டையை வைத்தாளாம். வகுப்பே கைதட்டியதாம். சின்ன மிஸ் உடனே கையைக் கழுவிவிட்டு வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்தாளாம். போனில் சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. நான் மட்டும் என்ன? குக்கர் விசில் எத்தனை வந்தது என்றே தெரியவில்லை. சாதம் குழைந்து கஞ்சியாகிவிட்டது. இவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். பிறகு, “நம்ம பொண்ணு பேசிட்டா இல்ல?” என்றார்.

ஆகஸ்ட் 13

ஞாயிறு. நாத்தனார் வந்திருந்தாள். அட்டைகளைப் பார்த்ததும், “என்ன அண்ணி, இப்பவே சீட்டாட்டம் கத்துக் குடுக்கறீங்களா?” என்றாள். வழக்கமான பிரசங்கமும் உண்டு. “எம் பையன் கூடத்தான் மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப மூட வைக்க முடியுதா? நீங்கதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சு பிள்ளைய பயமுறுத்தி வெச்சிருக்கீங்க. பேசாம விட்டிருந்தா—”

வாண்டு எங்கிருந்தோ வந்து அத்தையின் மடியில் அட்டையை வைத்தாள். போதும்.

இவர் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. நாத்தனாருக்கே சிரிப்புத் தாங்கவில்லை. “அடிப்பாவி, நான் சொன்னது எல்லாம் புரியுதா உனக்கு?” என்று அள்ளி முத்தம் கொடுக்கப் போனாள். அதற்கும் ஒரு ‘போதும்’.

இந்த ஒரு வாரமாக வீட்டில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் பழக்குகிறேன். தலை சீவும்போது, பால் குடிக்கும்போது, குளிக்கும்போது. அட்டை வந்த நொடியில் நிறுத்திவிடுகிறேன். பாதித் தலை சீவாமலே முந்தாநாள் பள்ளிக்குப் போனாள். போகட்டுமே.

ஆகஸ்ட் 29

சின்ன மிஸ் சொன்னது: “ரெண்டு வாரமா ஒரு அழுகை இல்ல அக்கா.”

நான்: “இன்னைக்குப் பாட்டு நேரத்துல இருந்தாளா?”

“போதும் குடுத்துட்டா.”

“களிமண்?”

“போதும் குடுத்துட்டா. ஆனா எவ்வளவு அழகா குடுக்கறா தெரியுமா!”

அழகாகத்தான் கொடுக்கிறாள். என்னால் ஏன் சந்தோஷப்பட முடியவில்லை? நல்லது நடந்தால்கூட நம்பத் தெரியாதவள் என்று இவர் சொல்வது சரிதானோ.

செப்டம்பர் 8

சொல்லாமல் கொள்ளாமல் பத்து மணிக்குப் போனேன். டிபன் டப்பாவை மறந்துவிட்டாள் என்று ஒரு சாக்கு.

வகுப்பில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாண்டு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் இருந்தாள். சுவரைப் பார்த்தபடி கால் ஆட்டிக்கொண்டு. பக்கத்தில் ஆயா டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தங்கமான பிள்ளைம்மா. ஒரு தொந்தரவு இல்ல. காலையில வந்து வட்டத்துல உக்காருவா, உடனே அட்டைய நீட்டுவா, இங்க வந்துடுவா. அப்புறம் வீட்டுக்குப் போற வரைக்கும் இங்கதான்.”

அழுகை இல்லாத இரண்டு வாரமும் இதுதானா? இந்த பெஞ்சிலா?

வெளியே வருவதற்கு வழி சொல்லிக்கொடுத்துவிட்டோம். திரும்ப உள்ளே போக? அது அவளுக்குத் தெரியாது. சின்ன மிஸ்ஸுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

செப்டம்பர் 9

சின்ன மிஸ் என் கண்ணைப் பார்க்கவில்லை. “கேட்டா உடனே குடுக்கணும்னுதான் சொன்னாங்க அக்கா. குடுத்தேன். திருப்பி உள்ள கூட்டிட்டு வந்தா மறுபடி நீட்டறா. மறுபடி குடுக்கறேன். நான் வேற என்ன செய்ய? உள்ள பதினெட்டு பிள்ளைங்க.”

அவளைத் திட்ட முடியவில்லை. திட்டினால் எனக்கென்று யார் இருக்கிறார்கள் அந்தக் கட்டடத்தில்? நான்தான் யோசனை சொன்னேன்: “அந்த ஒரு அட்டைய மட்டும் கொஞ்ச நாள் எடுத்து வெச்சுடுங்க.”

நான்தான் சொன்னேன்.

செப்டம்பர் 12

அட்டையைத் தேடியிருக்கிறாள். அலமாரியில், மிஸ்ஸின் பையில், மற்ற பிள்ளைகளின் பைகளில். கிடைக்கவில்லை. பிறகு அலறல். தன் பையை எடுக்க வந்த பிள்ளையின் தோளில் கடித்துவிட்டாள். பல் பதிந்த தடம். அந்தப் பிள்ளையின் அம்மா கேட்டில் நின்று என்னைப் பார்த்த பார்வை... சாரி சொன்னேன். “உங்க சாரி எம் பிள்ளை தோள்ல ஒட்டாது” என்றாள். அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கேவலமாகப் பேசியிருப்பேன்.

கேட்டால் கிடைக்கும் என்று நம்ப வைத்தோம். நம்பினாள். பிடுங்கிவிட்டோம்.

செப்டம்பர் 20

பெரிய மிஸ் கூப்பிட்டனுப்பினார். இவர் லீவு போட்டு உடன் வந்தார். மேசைமேல் ஒரு பூச்சாடி. இரண்டு நாற்காலி ஏற்கெனவே இழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். அப்போதே புரிந்துவிட்டது.

“நாங்க எங்களால ஆனது எல்லாம் செஞ்சோம்மா. மிஸ்ஸ பயிற்சிக்கு அனுப்பினோம். அட்டை செஞ்சோம்.”

“ஒரு நாள்தானே அனுப்பினீங்க?” என்றேன்.

கேட்காதது போல் தொடர்ந்தார். “உங்க பொண்ணே தினமும் சொல்றாளே, போதும் போதும்னு. குழந்தையோட விருப்பத்த மதிக்கணும்னுதானே இப்ப எல்லா இடத்துலயும் சொல்றாங்க? நாம மதிக்க வேண்டாமா?”

எனக்குப் பேச்சே வரலை. காலேஜ்ல மேடை ஏறிப் பேசினவ நான். அவ பாட்டு போதும்னு சொன்னா, பெயின்ட் போதும்னு சொன்னா. பள்ளிக்கூடமே போதும்னா சொன்னா? அவளுக்கு இருக்கறதே நாலு வார்த்தை. அதுல ஒண்ண எடுத்து அவ கழுத்துக்கே சுருக்குப் போட்டுட்டீங்களேன்னு கேட்டிருக்கணும். கேட்கலை. இவர்தான், “எப்பலேர்ந்து வர வேண்டாம்?” என்று கேட்டார், ஏதோ பால் பாக்கெட்டை நிறுத்துவது போல.

வீட்டுக்கு வந்து இவரிடம் சண்டை. “ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாதா?”

“பேசி? நாளைக்கும் அதே பெஞ்ச்லதான் உக்காருவா.”

அப்புறம் நெடுநேரம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

செப்டம்பர் 21

காலையில் பழக்கத்தில் டிபன் கட்டிவிட்டேன்.

அக்டோபர் 17

சின்ன மிஸ் போன். எடுக்க வேண்டாம் என்று நினைத்தேன், எடுத்தேன்.

“அக்கா, நேத்து அந்தப் பயிற்சி மறுபடி நடந்துச்சு. ரெண்டாம் நாளுக்கு நானே சொந்த லீவு போட்டுட்டுப் போனேன்.”

“ம்.”

“போதும்னு சொன்ன பிள்ளைய எப்படித் திருப்பி வட்டத்துக்குக் கூட்டிட்டு வர்றதுன்னுதான் அக்கா, நாள் பூரா அதைத்தான் செஞ்சு பாத்தோம். வெளிய விடறப்பவே சின்னதா மணல் கடிகாரம் ஒண்ணு கையில குடுத்துடணுமாம். மணல் எறங்கினதும், அவ கையில ஏதாவது ஒரு வேலை குடுத்து உள்ள கூப்பிடணும். எல்லாருக்கும் பேப்பர் குடு, பந்து குடு, அந்த மாதிரி. சும்மா வந்து உக்காருன்னு கூப்பிடவே கூடாதாம். முதல்ல ஒரு நிமிஷம் இருந்தா போதும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா...”

“அவ்வளவுதானா?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“அவ்வளவுதான் அக்கா.”

திரும்பக் கூட்டிவரலாமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இடத்தை நிரப்பிவிட்டார்களாம். பெரிய மிஸ்ஸிடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாளாம். “அடுத்த வருஷம் இந்த மாதிரி பிள்ளை யாராவது வந்தா, நான் சரியா செய்வேன் அக்கா” என்றாள்.

செய்வாள். நிச்சயம் செய்வாள். அந்தப் பிள்ளை வட்டத்தில் உட்காரும், பாடும். அதன் அம்மாவுக்கு மரத்தடியில் நிற்கிற வேலை இருக்காது. அவளுக்கு எங்களைப் பற்றித் தெரியவும் தெரியாது. நல்லா இருக்கட்டும் என்று மனசார நினைக்க முயற்சி செய்கிறேன். வரவில்லை. வாண்டுவை வைத்துப் படித்துக்கொண்டாள், அவ்வளவுதான். ச்சீ, என்ன எழுதுகிறேன்? சொந்த லீவு போட்டுப் போனவளை.

அக்டோபர் 25

நான்காவது பள்ளி. வாசலிலேயே பேச்சு முடிந்துவிட்டது.

இவர், “ஒரு வருஷம் வீட்டுலயே இருக்கட்டும், நீயே பாத்துக்கோ” என்கிறார். நானே. மணல் கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் நானும் அவளுமாக இரண்டு பேர். இரண்டு பேரை வைத்து வட்டம் போட முடியுமா?

நவம்பர் 5

நாத்தனார் மகனுக்குப் பிறந்தநாள். கூடம் நிறையப் பிள்ளைகள். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். “அண்ணி, அத்தை வீட்டுக்குக்கூட வராம பூட்டி வெப்பீங்களா அவள?” என்று மூன்று தடவை போன் செய்தாள்.

கேக் வெட்டிய பிறகு பந்து கைமாற்றும் விளையாட்டு. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து நாத்தனார் பாட்டுப் போட்டாள். வாண்டு அதுவரை ஜன்னலோரம் திரைச்சீலையை முறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்து வந்து, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் தானாக உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை, நான் ஒருத்திதான் பார்த்தேன்.

பாட்டு சத்தம். பிள்ளைகளின் கூச்சல். அவள் முகம் லேசாகச் சுருங்கியது போல இருந்தது. இதோ கத்தப் போகிறாள், இதோ பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கப் போகிறாள், இதோ எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்— எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. தூக்கி உள் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. எந்த அட்டையையும் கேட்கவில்லை.

நான் தூக்கியபோது பந்து அவளுக்கு இரண்டு பிள்ளை தள்ளி வந்துகொண்டிருந்தது. வாங்குவதற்காக இரண்டு கையையும் குவித்து நீட்டி வைத்திருந்தாள். கட்டிலில் உட்கார வைத்த பிறகும் கை அப்படியே இருந்தது.