மிச்சச் செடிகள் போன இடம்

அன்புள்ள குட்டிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் சுகம் என்று நீயே எழுதியிருக்கிறாய், ஆனால் போன வாரம் அனுப்பிய படத்தில் உன் கைக்கடிகாரம் மணிக்கட்டில் தொளதொளவென்று தொங்குகிறது. ஆலையில் முப்பது வருடம் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிழை பார்த்த கண் இது, இதனிடம் சுகம் என்று எழுதித் தப்பிக்க முடியாது. ஆஸ்பத்திரி வேலையில் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாய் என்று நினைக்கிறேன், இல்லை என்றால் எதைச் சாப்பிட்டாய் என்று வரிசையாக எழுது.

உன் ஆகாயத்தாமரை நன்றாக இருக்கிறது. நீ போகும்போது நாலே நாலு செடிதான் விட்டுப் போனாய், முட்டைக்கோஸ் குஞ்சு மாதிரி, அடியில் தலைமுடி போல வேர் தொங்க. எட்டு மாதத்தில் அவை போட்ட பிள்ளைகளை எண்ணி முடியாது. நீ சொன்னபடியே குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, மருந்து வாசனை போன பிறகுதான் தொட்டியில் விடுகிறேன், இலை மேல் தண்ணீர் படாமல் ஓரமாக ஊற்றுகிறேன். பழுத்த இலையை அன்றன்றே கிள்ளிவிடுகிறேன். காலை வெயில் மட்டும் படும்படி பால்கனியில் மூலைக்கு நகர்த்தியாயிற்று. தொட்டி மீன்களுக்கு மூச்சு முட்டாமல் பாதித் தண்ணீர் திறந்திருக்க வேண்டும் என்றாயே, அதற்காக வாரத்துக்கு ஒரு தடவை மிச்சச் செடிகளை எடுப்பது அப்பாவின் பொறுப்பு. எடுத்ததை மொட்டை மாடித் தட்டில் மொறுமொறுவென்று காயவைத்து உரமாகப் போட வேண்டும், சாக்கடையிலோ குளத்திலோ மறந்தும் போடக் கூடாது என்று விமான நிலையத்தில் நின்றுகூட நீ சொன்னாய், அப்பாவும் தலையைத் தலையை ஆட்டினார். அங்கேதான் கதை ஆரம்பம்.

இரண்டு மாதம் முன்னால் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். அந்தத் தட்டில் விரல் கனத்துக்குப் புழுதி. செடி காய்ந்த தட்டு அப்படி இருக்குமா? பூந்தொட்டிகளைக் கிளறிப் பார்த்தேன், உரத்தின் சுவடே இல்லை. அப்பாவிடம் கேட்டால், எல்லாம் காயவைச்சுப் போட்டாச்சு, மண்ணு தின்னுருச்சு என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய மனுஷன், பொய் சொல்லும்போது மட்டும் கை ஹேண்ட்பிரேக்கைத் தேடும், அன்றைக்கும் ஒரு கை சும்மா இருக்கவில்லை. ஆனாலும் அவரை நான் சந்தேகப்படவில்லை, என் புத்தி கீழ்வீட்டுத் தையல்காரிமேல் போயிற்று. அவள்தான் இரண்டு தடவை, அழகா இருக்குக்கா, கடையில இதுக்கு நல்ல விலையாம் என்று சொன்னாள். அப்பாவைக் கெஞ்சி வாங்கிப்போய் விற்கிறாளோ என்று எனக்கு. ஜன்னல் திரைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போய், கை கழுவுகிறேன் என்று குளியலறையில் நுழைந்து ஒவ்வொரு வாளியாக மூடியைத் தூக்கிப் பார்த்தேன். திரும்பினால் பின்னாலேயே நிற்கிறாள். என்னக்கா, எங்க வீட்டுத் தண்ணிய எண்ணுறீங்களா என்றாள். அவசரமாக அளவைச் சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். தேவையில்லாத அந்தத் திரை இப்போது சமையலறையில் தொங்குகிறது.

இதற்கிடையில் இரண்டு தெரு தள்ளிப் பூங்காவில் இருக்கும் குளம் பச்சையாகிக்கொண்டு வந்தது. நீ சின்னப் பிள்ளையில் படகு ஓட்டக் கேட்டு அடம்பிடித்த அதே குளம்தான். முதலில் ஓரத்தில் ஒரு பாய் விரித்த அளவு, ஒரே மாதத்தில் படகுத்துறை வரை மூடிவிட்டது. போன மாதக் கடைசியில் மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. எவனோ வெளியிலிருந்து செடியைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான் என்று பூங்கா அதிகாரி கண்டுபிடித்து, காவல்காரரைப் பிடித்துக்கொண்டார். உனக்கு நினைவிருக்கும், கொஞ்சம் சாய்ந்து நடப்பாரே, அவர்தான். பதினொரு வருடமாக அதே வாசலில் நிற்கிறார், அப்பா நடைப்பயிற்சிக்குப் போனால் முதல் வணக்கம் அவருடையதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்பா நடந்துவிட்டு வந்து குளிக்கப் போனார். அவர் கொண்டுபோகும் பை ஆணியில் தொங்கியது. நடக்கப் போகிறவருக்குப் பை எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது, பார் என் புத்தியை. உள்ளே கைவிட்டால் சில்லென்று ஈரம். தையல் மடிப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு பிள்ளைச் செடி, வேரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தொட்டியில் விட்டேன், பையைப் பழையபடி மாட்டினேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் புதன்கிழமை, செடி கொட்டிய ஆள் அகப்படும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று காவல்காரரை நிறுத்திவிட்டார்கள். அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாளும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தையல்காரி மேலே வந்தாள். காவல்காரரின் மனைவி அவளிடம் வந்து, பொத்தான் கட்டுகிற வேலையாவது கொடு என்று கேட்டிருக்கிறாள், கண் சரியாகத் தெரியாதவளுக்கு எப்படிக்கா ஊசியைக் கொடுப்பேன் என்று சொல்லிப் புலம்பினாள். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். நான்தாம்மா கொட்டினேன் என்றார், என்னிடம் இல்லை, அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, குட்டி கையால கொடுத்துட்டுப் போனது, வெயில்ல போட்டா இலையெல்லாம் கைய மடக்குற மாதிரி சுருளுது, என்னால பார்க்க முடியல, தண்ணில விட்டா பொழச்சுக்கும்னு நெனச்சேன் என்றார். ஒரு நாய்க்குட்டியைக்கூடச் சக்கரத்தில் ஏற்றாத மனுஷன், ஒரு குளத்தையே மூச்சடைக்க வைத்துவிட்டார்.

மறுநாளே இரண்டு பேரும் அதிகாரியிடம் போனோம். உன்னைவிடச் சின்னப் பெண், நின்றபடியே அரை மணி நேரம் திட்டினாள், அப்பா கைகட்டிக் கேட்டுக்கொண்டார். காவல்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. குளம் சுத்தமாகும்வரை தினமும் காலையில் வந்து செடியை வாருவதாக அப்பா எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து காவல்காரரிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. செடி சாகுறத உங்களால பார்க்க முடியல, நான் வீட்டுக்குப் போறத மட்டும் பார்த்துட்டு நின்னீங்களே சார் என்றார், அவ்வளவுதான்.

இப்போது மூன்று வாரமாக முழங்கால் தண்ணீரில் இறங்கி வாருகிறார், நான் கரையில் சாக்கைப் பிடிக்கிறேன், தையல்காரிகூட இரண்டு நாள் வந்தாள். காவல்காரர் எட்ட நின்றே பார்ப்பார். போன திங்கட்கிழமை எங்கிருந்தோ ஒரு நீளமான கழியை எடுத்துவந்து அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். மன்னித்துவிட்டாரா, இந்த ஆள் சீக்கிரம் முடித்துத் தொலையட்டும் என்றா, எனக்குத் தெரியவில்லை. அப்பா மன்னிப்பு என்கிறார், நான் நம்பவில்லை.

இனி உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை தையல்காரி இறங்கிப் போன பிறகு அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்கிட்டயும் மறைச்சுட்டேன், மன்னிச்சுக்கோ என்று கண் கலங்கினார். சரி விடுங்க என்று நான் பெரிய மனசோடு மன்னித்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஒரு மனுஷன் வேலையை இழப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காவல்காரர் சொன்ன வார்த்தை அப்பாவைவிட எனக்குத்தான் பொருந்தும். தினமும் ஊராரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு என்னை ஒருத்தியை மட்டும் கவனிக்கத் தோன்றவில்லை. போனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவரிடம் நேராகச் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல் அவர் கையிலேயே கொடுத்துத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வரச் சொல்லப்போகிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை என்பார். பார்ப்போம். உனக்கு இது ஒட்டி வந்து சேர்ந்தால், நல்ல ஒட்டா, கை நடுங்கின ஒட்டா என்று பார்த்து எனக்கு எழுது.

நோய் நொடி அண்டாமல், நல்லவர்கள் சூழ, மனசு நிறைந்து நீ நூறு வருஷம் இரு கண்ணே. சாப்பிட்டதை எழுத மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா