அழத் தெரிந்த பிள்ளை

வியாழன், இரவு

இன்று மதியம் அம்மாவை எடுத்தாகிவிட்டது.

வாசல் பந்தலில் கிடத்தியிருந்தபோது அவள் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் சிங்கவரத்து அத்தை சொன்னது காதில் விழுந்தது.

"பாரேன், சின்ன வயசுல படத்துல அழுத மாதிரியே அழுவுது. அந்த உதடுகூட அப்டியே துடிக்குது."

"பின்ன இன்னாக்கா, அழுவறதுக்குன்னே மெட்ராசுக்கு இட்டுனு போனாங்களே" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

பெருமையாகத்தான் சொன்னார்கள். ஆனால் என் அழுகை அந்த நொடியே நின்றுவிட்டது. 'கட்' சொன்னால் நிற்குமே, அப்படி. அதன்பிறகு பாடை தெருமுனை திரும்பும்வரை ஒரு சொட்டு வரவில்லை. அதையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

ஆறு வயதில் எனக்குக் கிளிசரின் ஒத்துக்கொள்ளவில்லை. கண் வீங்கிவிடும். அதனால் ஷாட்டுக்கு முன்னால் டைரக்டர் குனிந்து, "உங்கம்மா செத்துட்டாங்க பாப்பா" என்பார். அந்த யோசனையைக் கொடுத்ததே அம்மாதான். ஒவ்வொரு முறையும் நம்பினேன். ஒவ்வொரு முறையும் 'கட்' கேட்டதும் விளக்குகளுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து முந்தானையால் என் முகத்தைத் துடைப்பாள்.

"இந்தா இருக்கேன்டி, எங்க பூட்டேன்?"

இன்று அழுகை நின்றதும் என் தலை தானாகத் திரும்பியது, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவள் வருகிறாளா என்று.