(அ) பிரிவில் போட்ட பாராட்டு

ஓடைக்கொல்லை நகர்,
வடக்குத்து வழி,
நெய்வேலி.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் டப்ளின் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, எல்லா வசதியோடும் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குப்பா கடிதம் என்று கேட்பாய். போனில் நான் நாலு வாக்கியம் பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கடிதத்தையும் நீ பாதியில் வைக்கலாம்தான், ஆனால் அது எனக்குத் தெரியாது, மனசு நிம்மதியாக இருக்கும். தவிர, உன் அப்பா சட்டசபை வரைக்கும் போய் மானத்தைத் தொலைத்துவிட்டு வந்த கதையைப் போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள். இப்போது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணசந்திருக்கிறாள், அதற்குள் என் பக்கத்து நியாயத்தை எழுதிவிடுகிறேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்ததை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். முப்பது வருஷத்துக்கு மேல் டவுன்ஷிப்பில் இருந்தவனுக்கு அரசாங்கம் என்றால் என்ன என்றே தெரியாது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அங்கே குழாயில் வாஷர் போனால் கம்ப்ளெய்ன்ட் எழுதிப் போடுவோம், ஆள் வரும். லைட் எரியாவிட்டால் எழுதிப் போடுவோம், ஏணியோடு ஆள் வரும். தண்ணி, ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனி கொடுத்தது, ஓட்டு மட்டும்தான் அரசாங்கத்துக்கு நாம் கொடுத்தது. இங்கே வந்த புதிதில் தெருவிளக்கு எரியவில்லை என்று அழகாக ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். கடைசியில் அது சட்டையோடு வாஷிங் மெஷினில் போய்க் கூழாகிவிட்டது. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் நடவடிக்கை அதுதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் எதிர் வீட்டில் சிங்காரவேல் என்று ஒருவர், உள்ளூர்க்காரர், நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். என்னைவிட ரொம்பச் சின்னவர். பாவம், இரண்டு கிட்னியும் கெட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை கடலூர் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். கூடவே போய்க் கூடவே வருவது அவர் மனைவி பெரியநாயகி. எங்கள் நகர் முனையிலிருந்து விடியற்காலையில் ஒரு அரசு பஸ் நேராகக் கடலூர் போய்க்கொண்டிருந்தது, அதில் ஏறி உட்கார்ந்தால் நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் இறங்கலாம். ஒரு நாள் அந்த பஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை, ஏன் என்று சொல்லவும் ஆளில்லை. இரண்டு பேரும் மெயின் ரோடு வரை நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, வடலூரில் பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் அவருடைய முறை தள்ளிப்போய்விடும், சாயங்காலம் வரை காத்துக்கிடக்க வேண்டும். ஒரு வாரம் மனுஷன் அலுத்துப்போய் ஒரு தடவையை விட்டேவிட்டார். காலும் முகமும் வீங்கி, மூச்சு வாங்கி, பார்க்கவே பயமாக இருந்தது. இன்னொரு முறை விட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நம் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடலாம் என்றால், என் ஓட்டுதலை நம்பி ஏறுவதைவிட அவர் பஸ் வரும்வரை நடக்கவே தயார் என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

அந்தச் சமயத்தில் நம் எம்.எல்.ஏ. உமாராணி ஒரு தண்ணீர் டேங்க் திறக்க இந்தப் பக்கம் வந்தார். முதல் தடவையாக ஜெயித்தவர், நிதானமாகக் காது கொடுத்துக் கேட்கிறவர். நான் எழுந்து பஸ் விஷயத்தைச் சொன்னேன். சட்டசபையில் எழுத்து மூலமாக ஒரு கேள்வி கொடுக்கிறேன், அமைச்சர் எழுத்து மூலமாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும், விவரத்தை மட்டும் என் உதவியாளர் அருண்குமாரிடம் கொடுங்கள் என்றார். விவரத்தை மட்டும் கொடுத்துவிட்டு நான் வாயை மூடியிருக்க வேண்டும். என்னால் முடியுமா. மெட்டீரியல்ஸ் ஆபீஸில் நோட் எழுதுவதில் இசக்கிமுத்துவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று பெயர் வாங்கியவன் நான். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் தங்கள் நோட்டையும் என் தலையில் கட்டுவதற்காகச் சொன்னவர்கள் என்பது வேறு விஷயம். கேள்வியை நானே எழுதித் தருகிறேன், ஒரு கமாவைக்கூட மாற்றக் கூடாது என்று அருண்குமாரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அந்தப் பிள்ளையும் பெரியவர் சொல்கிறாரே என்று கமாவைத் தொடவில்லை. தொட்டிருக்கலாம்.

ஆபீஸில் நான் எழுதும் முறை உனக்கு ஞாபகம் இருக்கும். ஃபேன் ஓடவில்லை என்று எழுதுவதென்றால்கூட, மேலதிகாரி அவர்களின் சீரிய வழிகாட்டுதலால் நம் அலுவலகம் காற்றோட்டமாக விளங்குகிறது என்று முதல் பாராவில் எழுதிவிட்டு, இரண்டாவது பாராவில்தான் ஃபேன் பக்கம் போவேன். அதிகாரி முதல் பாராவில் முகம் மலர்ந்து இரண்டாவது பாராவுக்குக் கையெழுத்துப் போடுவார். சர்வீஸ் முழுக்க இந்த வழி பொய்த்ததே இல்லை. அமைச்சரும் மனுஷன்தானே, எடுத்த எடுப்பில் பஸ் இல்லை என்று கேட்டால் கோபம் வராதா என்று யோசித்து நான் எழுதிய கேள்வி இது: ‘(அ) கடலூர் மாவட்டத்தின் கிராமங்களில் அரசுப் பேருந்து வசதி மிகச் சிறப்பாக உள்ளதை அரசு அறியுமா, (ஆ) ஓடைக்கொல்லை நகரிலிருந்து காலையில் கடலூர் செல்லும் பேருந்தை மீண்டும் இயக்க அரசு ஆவன செய்யுமா, (இ) ஆம் எனில், எப்போது?’ எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். (அ) எதுக்கு, அதான் பஸ் இல்லையே என்றாள். உனக்கு டிராஃப்டிங் தெரியாது என்றேன். அந்த வாக்கியத்தை அதற்கப்புறம் எத்தனை தடவை எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறாள் என்று கேட்காதே.

பதில் வந்தது. மூன்றே வரி. ‘(அ) ஆம். (ஆ) மேலே (அ)-இல் உறுப்பினர் குறிப்பிட்டவாறு பேருந்து வசதி மிகச் சிறப்பாக உள்ளதால் கூடுதல் பேருந்துக்கான தேவை எழவில்லை. (இ) இவ்வினா எழவில்லை.’ எவ்வளவு கச்சிதம் பார். நானே அந்த நாற்காலியில் இருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன், அதுதான் வயிற்றெரிச்சல். உமாராணி போன் செய்தார். திட்டுவார் என்று எழுந்து நின்று பேசினேன். ஐயா, எனக்கு எதிர்க்கட்சின்னு தனியா யாரும் தேவையில்லைங்க, நீங்க ஒருத்தர் கூட இருந்தா போதுங்க என்றார். அப்புறம் அவரே சிரித்துவிட்டு, அடுத்த கூட்டத்தொடரில் மறுபடியும் கேட்கிறேன், இந்தத் தடவை நமக்குத் தெரியாததை மட்டும் கேட்டு எழுதுங்கள் என்றார்.

அது கூடப் பரவாயில்லை. பஸ் வந்தாச்சு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அன்று சாயங்காலம் பெரியநாயகி வந்து, பதிலு வந்துடுச்சுன்னு சொன்னாங்களே, பஸ்ஸு எப்பங்க வருது, வூட்டுக்காரரு கேட்டுக்கினே இருக்காருங்க என்று கேட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்று சொன்னேன். பொய்தான். நீங்க எழுதிக்கினு கீறீங்கன்ற தைரியத்துலதாங்க நாங்க ஓட்டிக்கினு இருக்கோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எழுதிய ஒரு வரியால் ஒரு மனுஷன் இன்னும் சில மாதம் மெயின் ரோடு வரை மூச்சிரைக்க நடக்க வேண்டும். என் சர்வீஸில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ எழுதியிருக்கிறேன், இப்படி வெட்கப்பட்டதில்லை.

மறுபடி எழுத உட்கார்ந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மக்கள் நலனில் அக்கறை கொண்ட இந்த அரசு என்று ஆரம்பித்தேன். வெட்டு என்றாள். சீரிய முறையில் என்று போட்டேன். வெட்டு. தாயுள்ளத்தோடு பரிசீலிக்குமா என்றேன். அதுக்குத் தாயுள்ளம் எதுக்கு, டிரைவர்தான் வேணும், வெட்டு என்றாள். கீரை முழுக்க ஆய்ந்து முடிவதற்குள் என் கேள்வி காம்பு மாதிரி ஆகிவிட்டது: ‘(அ) மேற்படி பேருந்து எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது, (ஆ) யாருடைய உத்தரவின்பேரில், (இ) காரணம் என்ன, (ஈ) மீண்டும் எப்போது இயக்கப்படும்?’ படித்துப் பார்த்தால் மரியாதையே இல்லாத மாதிரி இருந்தது. உமாராணி அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை அருண்குமார்தான் விசாரித்துச் சொன்னான். கேள்வி சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு வந்து, மாவட்டத்திலிருந்து டெப்போவுக்கு வந்து, அந்த உத்தரவைத் தேடியிருக்கிறார்கள். உத்தரவு இருந்தால்தானே கிடைக்கும். ஏதோ ஒரு திருவிழாவுக்கு ஸ்பெஷலாக எடுத்துப் போன பஸ்ஸை இந்த ரூட்டில் திருப்பி விட யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். நிறுத்தியது யாரும் இல்லை, ஏன் நின்றது என்று கேட்டவரும் இல்லை. இல்லாத உத்தரவுக்குத் தேதி போட்டுப் பதில் எழுதுவதைவிட பஸ்ஸை ஓட்டுவது சுலபம் என்று அங்கே யாரோ ஒரு புண்ணியவான் முடிவு செய்திருக்கிறார். போன வாரம் விடியற்காலையில் நகர் முனையில் ஹாரன் சத்தம். பெரியநாயகி சிங்காரவேல் கையைப் பிடித்துக்கொண்டு பையோடு ஓடினாள், நான் லுங்கியோடு பின்னாலேயே ஓடினேன், எனக்கு எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. இப்போது முறைக்குச் சரியாகப் போய்விடுகிறார், முகத்தில் வீக்கம் வடிந்திருக்கிறது. நேற்று வீட்டுக்கு வந்து எனக்குக் கும்பிடு போட்டார். நானும் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன், அம்மா அடுப்படியிலிருந்து இருமினாள். அரசாங்கத்தின் பதிலும் வந்துவிட்டது: ‘(அ) நிறுத்தப்படவில்லை. (ஆ), (இ) எழவில்லை. (ஈ) பேருந்து தொடர்ந்து இயங்கி வருகிறது.’ சிங்காரவேலிடம் காட்டினேன், அப்ப இத்தினி நாளு நானா நடந்துக்கினு இருந்தேன் என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இவ்வளவும் எழுதிவிட்டு, பிழை இருக்கிறதா என்று ஆரம்பத்திலிருந்து படித்துப் பார்த்தேன் மகளே. முதல் பாராவிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், எல்லா வசதியோடும் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்படியே அதே (அ). ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் இதைத்தானே செய்கிறேன். வேலை எல்லாம் நல்லா போகுதா என்று கேட்பேன், ஆமாப்பா என்பாய். அங்கே எல்லாம் வசதியா இருக்கா, ஆமாப்பா. இங்கே எங்களுக்கும் ஒரு கவலையும் இல்லை என்று நானே சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் நான் கேட்க நினைத்தது எப்படி எழும். உன் பதிலில் தப்பே இல்லை, கேள்வி எழுதியவன்தான் சரியில்லை.

அதனால் அந்த முதல் இரண்டு வரியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். அம்மாவுக்குத் தீபாவளியிலிருந்து வலது முட்டி மடங்கவில்லை, ஆபரேஷன் செய்தால்தான் படி ஏற முடியும் என்கிறார்கள், உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உனக்கென்று மாடியில் ஒரு அறை கட்டினோமே, அவள் அதைப் பெருக்க முடியவில்லை என்று அழுகிறாள், நான் பெருக்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. கடந்த இரண்டு வாரமாக நீ போனில் கேமராவை அணைத்துவைத்துப் பேசுகிறாய், நெட் சரியில்லை என்கிறாய், எனக்கு அது நெட் மாதிரித் தெரியவில்லை. நீ அழுதிருந்தாயா. உன்னைப் பார்க்காமல் எங்களுக்கு நன்றாக இல்லை. இனி என் கேள்வி ஒன்றே ஒன்றுதான், இதற்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் கிடையாது: நீ எப்போது வருகிறாய்?

நம் கருப்பசாமி எந்நேரமும் உன் பக்கத்தில் நிற்கட்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், எங்கள் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இரு. ராத்திரி பட்டினியாகப் படுக்காதே. பாஸ்போர்ட் தேதி முடியப்போகிறதா என்று எடுத்துப் பார், முடிவதாக இருந்தால் இப்போதே புதுப்பித்துவிடு. கட்டைவிரல் அனுப்பாதே.

இப்படிக்கு,
இந்த வயசில் கேள்வி கேட்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அப்பா
இசக்கிமுத்து

பி.கு.: அம்மா எழுந்துவிட்டாள், கடிதத்தைப் பிடுங்கிப் படித்தும்விட்டாள். முட்டியைப் பற்றி ஏன் எழுதினீர்கள் என்று சண்டை. சட்டசபைக் கதையில் பாதியை வெட்டு என்றாள், கருப்பசாமியை மட்டும் சொல்லிவிட்டு இசக்கியம்மனை விட்டுவிட்டீர்கள் என்றாள். அந்த ஒரு கேள்விக்கு வந்தபோது மட்டும் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, நாளைக்குக் காலையில் முதல் வேலையாகத் தபாலில் போட்டுவிட்டு வாருங்கள் என்றாள்.