காணாமல் போன மூக்குத்தி

ஐப்பசி, வெள்ளி இரவு.

பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி விலை பார்க்கப் போனைத் திறந்தால், ஒரு மூக்குத்தி விளம்பரம் வந்து மறைக்கும். "உன் மாமியாருக்கா தேடுன?" என்று வீட்டுக்காரியைச் சீண்டுவேன். இன்று மகள், விளம்பரம் வராத வேறு பிரவுசர் போட்டுக் கொடுத்தாள். விலை பளிச்சென்று தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரி போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த மூக்குத்தி எங்கீங்க?"

"கம்பெனிக்காரன் நம்மள வேவு பாத்துப் போடறதாம். தொரத்திட்டோம்!"

"தினமும் ஒருக்கா பாத்துக்குவேன்," என்று போனைத் திருப்பித் தந்துவிட்டாள்.

எனக்குத் தெரியாத அவள் ஆசை, முகம் தெரியாத கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்தில் தூங்குகிறாள். கண்ணை மூடினால் அவள் மூக்கில் ஏதோ மின்னுகிறது. ஒரு கல்லாகிறது, பூவாகிறது, நட்சத்திரமாகிறது. எது அவள் பார்த்தது? நான்தான் அந்த விளம்பரத்தைத் தினமும் பார்க்காமலே மூடினேனே. நாளை பழைய பிரவுசரைத் திறந்து, அந்தக் கம்பெனிக்காரனிடமே கேட்க வேண்டும்.