கிரேக்கம் படித்த ரீச்சர் ஏன் செங்கல் அடுக்கப் பழக்கினா?

என்ர தர்சினிக்கு,

நீர் கண்மூடி, ஆஸ்பத்திரியிலிருந்து நான் தனியே வீடு திரும்பி நாலு மாதம். இந்தச் சுவிஸ் சோலோதுர்னில் ஆரே ஆறு அப்படியேதான் ஓடுகிறது. வேலைக்குப் போகிறேன், லிஃப்ட் திருத்துகிறேன், வருகிறேன். அழுகை இன்னும் வரவில்லை. ஏனென்று தெரியவில்லை.

வாற சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி விழா. நீர் பேசவிருந்ததை நான் வாசிக்கவேணுமாம். அதைக் கேட்கப் பள்ளிக்கு என்னை வரச்சொன்ன அன்று, உமது மாணவி அபியின் அம்மா என்னை வாசலில் பிடித்துக்கொண்டா. அபிக்குப் பட்டறையில் எலெக்ட்ரிக் தொழில் பழகும் லேர செய்ய விருப்பமாம், தாய்க்கு யூனிவர்சிற்றிக்கு அனுப்பும் கிம்னாசியம்தான் வேணுமாம்.

"நீங்கள் எஞ்சினியர், நீங்களே சொல்லுங்கோ தம்பி. ஸ்பானரோட திரியிற பெட்டையை ஆர் கட்டுவினம்?"

தலையாட்டிவிட்டு வந்தேன். அபி என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள், பேச்சை எழுதிவைத்த உமது கொப்பியைத் திறந்தேன். நூறு வருசத்துக்கு முந்தின ஒரு அமெரிக்கக் கறுப்பின ரீச்சரின் கதை. அடிமைக் குழந்தையாகப் பிறந்தவ. அவவின் சின்னம்மா கூலியில் மிச்சம்பிடித்து மீட்டிருக்கிறா. வீட்டுவேலைக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் படித்து, கல்லூரிக்குப் போய்க் கிரேக்கம் வரை கற்று, ஒரு பள்ளிக்கே அதிபராகியிருக்கிறா. கல்லூரிக் காலத்தில் பகலில் தான் படித்துவிட்டு, மாலையில் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகி வந்த பெரியவர்களுக்கு எழுத்துப் பழக்கினாவாம். களைக்கவில்லையா அவவுக்கு? வேலை முடிந்து வந்து சனிக்கிழமைப் பாடம் எழுதும்போது உமக்கும் களைக்கவில்லையா?

கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். அந்த அதிபர் தன் பள்ளியில் செங்கல் அடுக்கவும் தச்சுவேலைக்கும் வகுப்புத் தொடங்கியதை எழுதி, ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறீர்: "ஏன்? இவரிட்டைக் கேக்கவேணும்."

நீர் என்னிடம் கேட்கவேயில்லை.

எங்கள் கலியாணப் பேச்சில் உமது அப்பா, "தம்பி எஞ்சினியரோ?" என்றார். "ஓம் மாமா, லிஃப்ட் பக்கம்" என்றேன். கிம்னாசியம் கிடைக்காமல் பதினாறு வயதில் லேரக்குப் போய், பட்டறையில் தொழில் பழகியவன் என்று சொல்ல வாய் வரவில்லை. உமக்கு மட்டும் தெரியும். ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த அதிபர் ஏன் அந்த வகுப்புகளைத் தொடங்கினா என்று தேடி வாசித்தேன். அங்கே கறுப்புப் பிள்ளைகளைப் பட்டறைகளில் தொழில் பழகச் சேர்க்கமாட்டார்களாம். கிரேக்கம் சொல்லிக்கொடுத்த அதே பள்ளியில் அதற்கும் இடம் வைத்திருக்கிறா. அவர்களுக்குப் பூட்டிக் கிடந்த கதவு எங்களுக்கு இங்கே திறந்துதான் கிடக்கிறது. நாங்கள் ஏன் அதற்கு வெட்கப்படுகிறோம்? இதைத்தான் என்னிடம் கேட்கவிருந்தீரா? இல்லை, இன்னும் எவ்வளவு காலம் ஒளிக்கப்போறீர் என்றா?

சனிக்கிழமை ஓர்லிகோனிலிருந்து மாமாவும் வருகிறார். வேலை உடுப்போடுதான் மேடையேறுவேன். உமது கதையை வாசித்து முடித்து, ஓரத்துக் கேள்வியையும் வாசிப்பேன். பிறகு நான் என்ன வேலை, எப்படிப் பழகினேன் என்று அபிக்கும் தாய்க்கும் மாமாவுக்கும் சேர்த்துச் சொல்லுவேன். இது உமக்குத் தருகிற வாக்கு.

உம்மட புருசன்,
லிஃப்ட் மெக்கானிக் கஜன்