பெத்தனியின் முதல் விருப்பம்

வொர்க்கிங்டன்,
ஜூன் 11, 2024

அன்புள்ள பெத்தனிக்கு,

நீ நன்றாக இருப்பதாக உன் பழைய உயிரியல் டீச்சர் மிஸ் ஐவ்சன் சொன்னார். என்னைப் பற்றி நீ ஏதாவது விசாரித்தாயா என்று நானாகத்தான் கேட்டேன். இல்லை என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. விசாரிக்காவிட்டாலும் எழுதுகிறேன்: நான் நன்றாக இருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் இப்போதும் அதே வேலைதான். முதுகு வலி முன்னைக்கு இப்போது குறைவு. தூக்குவதற்கு வீட்டில் ஆள் இல்லையே.

ஆல்டர்பி பல்கலைக்கழகத்தில் இந்த செப்டம்பருக்கு உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்றும் சொன்னார். இரண்டு வருடம் தாமதம். அந்த இரண்டு வருடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தில் அது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ கேட்கவும் இல்லை. இருபது நிமிடத்தில் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய்.

ஆல்டர்பியைப் பார்க்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினேழு வயது. பக்கத்து வீட்டு பாலீனை உன் அண்ணன் ஜோயலோடு இருக்கச் சொல்லிவிட்டு, விடியும்போது பஸ் ஏறினோம். அவனை எப்படித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், தண்ணீரை எந்தக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் நீயே எழுதி ஒட்டியிருந்தாய். எட்டு வயதிலிருந்து நீ செய்த வேலை அல்லவா, என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மழை பெய்துகொண்டிருந்தது. மஞ்சள் சட்டை போட்ட டூண்டே என்ற மாணவன் நம்மைச் சுற்றிக் காட்டினான். ஏரி, வாத்து, நூலகம், துணி துவைக்கும் இடம், கடை, விடுதி எல்லாம் ஒரே வளாகத்தில். "காலைல செருப்ப மாட்டிக்கிட்டு அப்படியே கிளாஸுக்குப் போயிடலாம். டவுனுக்கே போகாம ஒரு மாசம் இருந்த ஆளெல்லாம் இருக்காங்க," என்று சொல்லிச் சிரித்தான். நான் கால் வலிக்கிறது என்றேன். நீ அவனுக்குப் பக்கத்திலேயே நடந்து போய்க் கேள்விமேல் கேள்வி கேட்டாய்.

விடுதியில் ஓர் அறையைப் பார்ப்பதற்கென்று திறந்து வைத்திருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். வெளியே ஏழெட்டுப் பெற்றோர்கள் நின்றிருந்தார்கள். ஐந்து நிமிடம் ஆகியும் நீ வரவில்லை. நான்தான் கதவைத் திறந்தேன். கட்டில் ஓரத்தில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாய். "அஞ்சு நிமிஷமா யாருமே என்னைக் கூப்பிடலைம்மா," என்றாய்.

அப்போது நான் எல்லோரும் கேட்கிற மாதிரி என்ன சொன்னேன் என்பதும் உனக்கு மறந்திருக்காது. "வீட்டுல பாத்ரூம் கதவைக்கூடச் சாத்த மாட்டா. இங்க வந்து கதவைச் சாத்திப் பழகுறா மகாராணி!" எல்லோரும் சிரித்தார்கள். ஜோயல் கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே என்றுதான் நீ அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தாய். சிரித்தவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

அதோடு விட்டேனா? மத்தியானம் பேராசிரியர்கள் பேசிய கூட்டத்தில் கையைத் தூக்கினேன். "என் பொண்ணு வீட்டை விட்டு ஒரு வாரம்கூட இருந்ததில்ல. பாதியில அழுதுக்கிட்டு ஓடி வந்துட்டா என்ன பண்றது?" என்று கேட்டேன். மேடையில் இருந்த பேராசிரியை மரியாதையாகத்தான் பதில் சொன்னார். உன் காது இரண்டும் சிவந்துபோனதைப் பின் வரிசையில் இருந்தவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். திரும்பும்போது உன்னிடம் சாண்ட்விச்சை நீட்டினேன். வேண்டாம் என்று ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாய். என் தோள் பக்கத்தில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜோயல் கேட்ட முதல் கேள்வியே, "என்னடி, அங்க சேரப் போறியா இல்லையா?" என்பதுதான். நீ யோசிக்கிற மாதிரி நடித்தாய். "சீக்கிரம் போய்த் தொலை. அப்பத்தான் கவுன்சில்லேருந்து எனக்கு ஒழுங்கா சமைக்கத் தெரிஞ்ச ஆளை அனுப்புவாங்க. உன் சூப்பைக் குடிச்சே செத்துருவேன்," என்றான். அந்த வருடம்தான் தசைநோய் முற்றி அவன் கைவிரலும் மடங்காமல் போயிருந்தது. நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் நீ விண்ணப்பித்த ஐந்து இடத்திலும் உனக்கு இடம் தர ஒப்புக்கொண்டார்கள். விண்ணப்ப இணையதளத்தில் ஆல்டர்பியை முதல் விருப்பமாகவும், பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் இருக்கும் கல்லூரியை இரண்டாவதாகவும் போட்டாய். முதல் விருப்பத்துக்கு வேண்டிய மதிப்பெண் வந்துவிட்டால் அங்கேதான் இடம். வேண்டுமானால் இரண்டு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று நீதான் எனக்குச் சொன்னாய். கடவுச்சொல்லை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாய். மறைத்து வைக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் உனக்கு வேதியியல் பரீட்சை. நீ பரீட்சை மண்டபத்தில் இருந்தாய். நான் சமையலறை மேஜையில் உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இரண்டு நிமிட வேலை. முதலாவதை இரண்டாவதாக்கினேன், இரண்டாவதை முதலாவதாக்கினேன். நிச்சயமாகத்தானா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். மின்னஞ்சல் வந்தது, அதை அழித்தேன். பிறகு எழுந்து மாவு பிசைந்து, உள்ளே கோழிக்கறி வைத்துச் சுட்டு, உனக்குப் பிடித்த பை செய்தேன். சாயங்காலம் பரீட்சை சுலபம் என்று சொல்லிக்கொண்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். நானும் கட்டிக்கொண்டேன். என் கையில் மாவு இருந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. அது உண்மை.

ஆகஸ்டில் மதிப்பெண் வந்தது. ஆல்டர்பி கேட்டதற்கு மேலேயே வாங்கியிருந்தாய். ஆனால் திரையில் பக்கத்து ஊர்க் கல்லூரியின் பெயர் வந்தது. நீ ஆல்டர்பிக்குப் போன் செய்தாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஜோயலும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். "எங்களை ரெண்டாவதாத்தான் போட்டிருக்கீங்க, கண்ணு. இந்த வருஷம் இடமெல்லாம் நெறஞ்சுபோச்சே," என்றாள் ஒரு பெண். பாவம், இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள்.

நீ போனை வைத்துவிட்டு உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாய். "நான்தாம்மா தப்பா அழுத்திட்டேன். நான்தான்," என்றாய். அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். "எப்பவும் அவசரம்தானே உனக்கு," என்று சொன்னேன். சொல்லிவிட்டு டீ போட்டேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். வாசல் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாய். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வந்து தொட்டுப் பார்ப்பாய். ஜோயலின் மாத்திரையை எண்ணி என்னிடம் நீட்டி, "சரியா இருக்கா பாரும்மா, என்னை நம்ப முடியாது," என்பாய். நான் எண்ணிப் பார்த்து, சரி என்று திருப்பித் தருவேன். உன் கையை நீயே நம்பாமல் போனதை நான் தினமும் பார்த்தேன். உனக்கு அந்தப் பழக்கம் போய்விட்டதா என்று மிஸ் ஐவ்சனிடம் கேட்க நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை.

ஜோயலுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ யோசித்திருப்பாய். அவனாகக் கண்டுபிடிக்கவில்லை, நானே சொன்னேன். வேறு வழியில்லாமல் சேர்ந்த அந்தப் பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு நீ போயிருந்தபோது, பெத்தனி முகமே சரியில்லை, அவளை ஏன் இப்படி விட்டிருக்கிறாய் என்று என்னைப் பிடுங்கி எடுத்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாம் உனக்காகத்தான்டா செஞ்சேன்," என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். நன்றியாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எதிர்பார்த்தேன்.

அவனால் கத்த முடியாது, மூச்சு போதாது. நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "என் பேரை இதுல இழுக்காத. நான் கேக்கல. அவ சாயங்காலம் வந்ததும் நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" நான் சொல்லவில்லை. அவன் சொன்னான். நீ கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி கேட்டாய். அழவில்லை, திட்டவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய்: "அன்னைக்கு கோழிக்கறி பை செஞ்சியே, அதுக்குத்தானா?" பதில் சொல்வதற்குள் மாடிக்குப் போய்விட்டாய்.

நீ ஸ்காட்லாந்தில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை மாற்றும் வேலை பார்க்கிறாய் என்பது ஜோயல் மூலமாகத்தான் தெரியும். உங்கள் இருவருக்கும் பேச்சு இருக்கிறது என்பதும் தெரியும். இந்த ஜனவரியில் அவன் கவுன்சிலில் நோயாளிகளைக் கவனிக்கும் பெண்ணை வரவழைத்து, தான் வேறு இடத்துக்குப் போக விரும்புவதாக என் முன்னாலேயே சொன்னான். இப்போது கார்லைலில், அவனைப் போன்ற நான்கு பேர் இருக்கும் வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கப் போகிறேன். ஒரு மணி நேரம் இருக்க விடுகிறான். ரக்பி பற்றிப் பேசுகிறோம், வேறு எதுவும் இல்லை. அவனுக்கு அங்கே யாரோ சமைக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறானாம்.

ஜோயலுக்காகச் செய்தேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலீனிடம், பாதிரியாரிடம், எனக்கு நானே. ஜோயல் போன பிறகு அதைச் சொல்ல முடியவில்லை. ஆல்டர்பியின் அந்த அறையில் கதவைத் திறந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். பதினேழு வருடத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதில் பார்த்ததே இல்லை. அதில் நான் இல்லை. அவ்வளவுதான் காரணம். வேறு இல்லை.

போன வாரம் மிஸ் ஐவ்சன் ஒரு காகிதத்தோடு வந்தார். விடுமுறையிலும் விடுதியிலேயே தங்க ஆல்டர்பியில் சில அறைகள் உண்டாம், போக வீடில்லாத பிள்ளைகளுக்கு. நீ அதற்குக் கேட்டிருக்கிறாய். உனக்கும் எனக்கும் ஒரு வருடத்துக்கு மேல் எந்தத் தொடர்பும் இல்லை, நீ திரும்பி வர வீடு இல்லை என்று அதில் இருந்தது. "வீடு இருக்கே," என்றேன். உன் அறையைக்கூடக் காட்டினேன். "அவளுக்கு இல்லைன்னு அவ சொல்றா, லொரெய்ன்," என்றார். "என் கையெழுத்து மட்டும் இருந்தாலே வாங்கிக்குவாங்க. ஆனா நீங்களும் போட்டுட்டா அவளை யாரும் கூப்பிட்டுக் கேள்வி கேக்க மாட்டாங்க. நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியாது."

நான்கு நாள் அந்தக் காகிதத்தை வைத்திருந்தேன். ஏன் என்று எழுதிவிடுகிறேன். நான் கையெழுத்துப் போடாமல், எங்களுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று ஆல்டர்பிக்கு ஒரு வரி எழுதிப் போட்டால், நீ என்னோடு சண்டை போடவாவது ஒரு தடவை போன் செய்வாய். அந்த ஒரு போனுக்காக. ஞாயிற்றுக்கிழமை ஜோயலிடம் இதைப் பற்றி வாயைத் திறந்தேன். "இன்னொரு தடவையாம்மா?" என்று மட்டும் கேட்டான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள அவனால் முடியாது. கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மணி நேரம் முடியும்வரை திறக்கவில்லை.

நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முழுப் பெயரும் எழுதி, தேதியும் போட்டு. மிஸ் ஐவ்சன் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் கடிதத்தையும் அவரிடமே தருகிறேன். உன் அறை உறுதியான பிறகுதான் உன்னிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு. ஒவ்வொரு வருடமும் அந்தக் காகிதத்தை மறுபடி கேட்பார்களாம். தொடர்பு இருப்பதாகத் தெரிந்தால் விடுமுறைக்கு அறை கிடையாதாம். அதனால் உன் படிப்பு முடியும்வரை, மூன்று வருடத்துக்கு, நீ எனக்கு எழுதக் கூடாது. போன் வேண்டாம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகூட வேண்டாம். ஜோயலிடமும் எனக்கென்று எதுவும் சொல்லி அனுப்பாதே.

நீ எழுத நினைத்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், எழுதாதே என்று அம்மா சொன்னதால்தான் மகள் எழுதவில்லை என்று நான் வைத்துக்கொள்கிறேன், பெத். நீ மறுக்காமல் இருந்தால் போதும்.

நன்றாகப் படி. கதவைச் சாத்திக்கொண்டு படி.

இப்படிக்கு,
அம்மா