அப்பா சொன்ன இருபத்திரண்டு

மஸ்கட்
ஆகஸ்ட் 4, 2024

நோயலுக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவி சோஃபியாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போன் செய்ததையெல்லாம் பார்த்தேன், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. அப்பாவின் முதல் வருஷ நினைவுப் பூசைக்கு நான் வர மாட்டேன். டிக்கெட் போட்டுவிடாதே.

ஏன், ஏன் என்று நச்சரிக்கிறாய், சொல்லிவிடுகிறேன். அடக்கத்தன்று கோயில் பைபிளை என் கையில் கொடுத்து, "இருபத்திரண்டாம் சங்கீதம்க்கா. நீதான் வாசிக்கணும்னு அப்பா சொல்லிட்டுப் போனாரு" என்றாய். திறந்தேன். கடவுளே, என்னை ஏன் கைவிட்டாய் என்று ஒரு மனிதன் கதறுகிற பாட்டு. கோயிலில் பங்கு மக்கள் அத்தனை பேர் முன்னாலும் அதை வாய்விட்டு வாசித்தேன். இரண்டு வரிக்கு மேல் முடியாமல் புத்தகத்தை உன்னிடமே தள்ளினேன். துக்கத்தில் வாசிக்க முடியவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அம்மா இறந்த கையோடு அவரை விட்டுவிட்டு இங்கே நர்ஸ் வேலைக்கு வந்தவள் நான். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, நான் அவரைக் கைவிட்டதைக் கடைசியில் என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். இனி அந்தக் கல்லறை முன்னால் எந்த முகத்தோடு வந்து நிற்பேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜொவிட்டா


சாந்தோம், சென்னை
ஆகஸ்ட் 6, 2024

அன்புள்ள அக்கா,

இதையா இத்தனை நாள் மனதில் பூட்டி வைத்திருந்தாய்? என்னிடம் கோபம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தியமாக அப்பா சொன்ன எண்ணைத்தான் உன்னிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருபத்திரண்டு. ஜொவிட்டா வாசிக்கணும். மறந்துராத" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உன் மெயில் வந்த பிறகு அந்தப் பாட்டை முழுசாகப் படித்தேன். அப்பா அப்படிக் குத்திக் காட்டுகிற மனிதர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ ஆதாரம் கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை.

தேனாம்பேட்டையில் புது வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேனே, அங்கேயும் பைபிள்தான். ஒரே வசனத்தை எபிரேயம், கிரேக்கம், லத்தீன், பழைய தமிழ், புதிய தமிழ் என்று கம்ப்யூட்டர் திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிற இணையதளம் கட்டுகிறார்கள். தமிழ்ப் பத்திகளைச் சரிபார்ப்பது என் வேலை. புரோகிராம் எழுதுவது தஹ்சீன் என்ற பெண். ராயப்பேட்டைக்காரி. தப்பு என்று ஏதாவது சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவாள்.

பூசைக்கு வா என்று இப்போது கெஞ்ச மாட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன்.

உன் தம்பி,
நோயல்


தேனாம்பேட்டை, ஆபீஸிலிருந்து
ஆகஸ்ட் 13, 2024

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னித்துக்கொள். தயவுசெய்து கடைசிவரை படி.

இன்று காலை சங்கீதங்களைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். முதலில் போய்ப் பார்த்தது இருபத்திரண்டைத்தான், வேறு எதை? புதிய தமிழில் நீ வாசித்த அதே கதறல். பக்கத்துப் பத்தியில், பழைய தமிழில், வேறு ஏதோ பாட்டு. தஹ்சீனின் புரோகிராம்தான் ஒரு வரிசை வழுக்கிவிட்டது என்று நினைத்து அவளிடம் சத்தம் போட்டேன்.

"இன்னா நோயல், காலங்காத்தாலயே எம்மேல பாயறீங்க? புரோகிராம்ல தப்பு ஒண்ணும் இல்ல. ஒன்பதாம் பாட்டப் போய்ப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். எபிரேயத்தில் ஒன்பது, பத்து என்று இரண்டாக இருப்பதை கிரேக்கத்திலும் லத்தீனிலும் ஒரே பாட்டாகச் சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட கடைசிவரை லத்தீன் கணக்கு ஓர் எண் குறைவாகவே போகிறது. நம் பழைய கத்தோலிக்கத் தமிழ் லத்தீன் கணக்கில் போனது. இப்போது கோயிலில் இருக்கிற புத்தகம் எபிரேயக் கணக்கு. நம் அப்பா, ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார், புதிய புத்தகத்தை எப்போது தொட்டார்? அவருக்கு எல்லாம் சின்ன வயது மனப்பாடம்.

அக்கா, பழைய கணக்கில் இருபத்திரண்டு எது தெரியுமா? மேய்ப்பன் பாட்டு, கடவுள் என் மேய்ப்பன், எனக்கு ஒரு குறையும் இல்லை என்று வருமே. முதன்முதலாக நற்கருணை வாங்கிய உன் புதுநன்மை அன்று கோயிலில் நீ பார்க்காமல் சொன்னாயே, அது. ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த பெண்ணிடம்கூட, "எம் பொண்ணு எட்டு வயசுல ஒரு எழுத்து தப்பாம சொன்னா" என்று பெருமை பேசினார், அதே பாட்டை நினைத்துத்தான். அதைத்தான் உன் வாயால் இன்னொரு முறை கேட்க ஆசைப்பட்டிருக்கிறார்.

நான் ஆபீஸில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். தஹ்சீன் பயந்துபோய் டீ வாங்கிவந்து வைத்தாள்.

நோயல்


மஸ்கட்
ஆகஸ்ட் 15, 2024

என் தங்கத் தம்பி நோயல்,

முதலில் உன்னை நம்பவில்லை. என்னை வரவழைக்கக் கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். உனக்கு அந்தத் திறமை உண்டு.

டியூட்டிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பரீட்சைக்கும் நான் செருப்பு மாட்டும்போது அப்பா பின்னால் வந்து நின்று, "தொண்ணூறு சொல்லிட்டியா?" என்று கேட்பார். சொல்லாமல் வெளியே விட மாட்டார். தாய்ப்பறவை சிறகுக்குள் வைத்துக் காப்பது போலக் கடவுள் காப்பார் என்று வருமே, அந்தப் பாட்டு. உள்ளே ஓடி, இங்கே இருக்கிற புதிய புத்தகத்தைத் திறந்தேன். தொண்ணூற்றில் அது இல்லை. தொண்ணூற்றொன்றில் இருந்தது.

செருப்புக் காலோடு கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது, நோயல். அப்பாவுக்கு என்மேல் கோபம் இல்லை. ஒரு வருஷமாக அந்த மனிதர் சொல்லாததைச் சொன்னதாக நினைத்து அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வருகிறேன். டிக்கெட் நானே போட்டுவிட்டேன், ஏர்போர்ட்டுக்கு மட்டும் வா. பட்டினப்பாக்கத்தில் சங்கரா மீன் வாங்கி வைக்கச் சோஃபியாவிடம் சொல். அந்த ராயப்பேட்டைப் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிடு, அவளுக்கு இங்கிருந்து நல்ல பேரீச்சம்பழம் கொண்டுவருகிறேன். அவளிடம் இனிமேல் சத்தம் போடாதே.

பூசையில் நான்தான் வாசிப்பேன், புத்தகம் வேண்டாம். "இருபத்திரண்டாம் சங்கீதம்" என்றுதான் ஆரம்பிப்பேன். பூசை வைக்கிற சாமியார் இருபத்து மூன்று என்று திருத்த வந்தால், நீ குறுக்கே போய் நில்.

உன் அக்கா,
ஜொவிட்டா